மெம்பர் மேல் கேஸ், சாட்சி நான்: என்ன செய்வது வக்கீலம்மா?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் வேலந்தாவளம் பக்கம் டீக்கடை நடத்துகிறேன். வயது 54. 2022ல் என் கடைக்கு எதிரே, வாய்க்கால் தண்ணீர் தகராறில் ஒருவருக்குக் கம்பியால் அடி விழுந்து கை எலும்பு முறிந்தது. போலீஸ் என்னையும் சாட்சியாக எழுதிக்கொண்டது. அடித்ததாகச் சொல்லப்படுகிறவர் போன டிசம்பர் தேர்தலில் எங்கள் வார்டு மெம்பராக ஜெயித்துவிட்டார். இப்போது சித்தூர் கோர்ட்டிலிருந்து எனக்கு சம்மன் வந்திருக்கிறது. மெம்பருடைய ஆள் ஒருவர் வந்து, "ஞாபகம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா, மகளுக்கு லைஃப் (வீடில்லாதவர்களுக்கான கேரள அரசுத் திட்டம்) வீடு லிஸ்ட்ல பேர் வந்துரும். எப்படியும் கேஸை வாபஸ் வாங்கத்தான் போறாங்க" என்கிறார். கேஸ் இருக்கிறவர் எப்படித் தேர்தலில் நின்றார்? அவர் பதவி போகுமா? எனக்கு மலையாளம் சரளமாக வராது, கோர்ட்டில் எப்படிப் பேசுவது? உண்மையைச் சொன்னால் மகளுக்கு வீடு கிடைக்காமல் போகுமா? தண்ணி லாரி வராத நாளில் போன் செய்தால் உடனே அனுப்பி வைப்பவரும் இதே மெம்பர்தான். தினமும் காலையில் என் கடையில்தான் டீ குடிக்கிறார். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

(பெயர் வேண்டாம்)

பதில்:

அக்கா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர், கடை, சம்பவம் எல்லாவற்றிலும் உங்களை அடையாளம் காட்டக்கூடியதை மாற்றித்தான் மேலே போட்டிருக்கிறேன். அந்தக் கவலை வேண்டாம்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. "அவர் கையில் கம்பி இருந்ததைப் பார்த்தேன். அடி விழுந்ததைப் பார்க்கவில்லை, அப்போது பாலை இறக்கிக்கொண்டிருந்தேன், அலறல் கேட்டுத்தான் திரும்பினேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் முக்கியமான வரி அதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கேஸ் இருக்கிறவர் எப்படி நின்றார் என்று கேட்டீர்கள். நம் சட்டத்தில் வழக்கு நிலுவையில் இருப்பது யாரையும் தடுக்காது. வார்டு மெம்பருக்கும் அப்படித்தான், எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் அப்படித்தான். கோர்ட் விசாரித்துத் தண்டனை கொடுத்தால்தான் தகுதி போகும். குற்றப்பத்திரிகை தாக்கலானதுமே தடுத்துவிட வேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2018 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதற்குச் சொன்ன பதில்: புதிதாக ஒரு தகுதியிழப்பைச் சேர்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரட்டும். அதோடு, வேட்பாளர்கள் தங்கள் மேல் உள்ள வழக்குகளைப் பத்திரிகையிலும் டி.வி.யிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள்.

இது பலருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும் சில நாள் இருக்கும். ஆனால் மறுபக்கத்தையும் கோர்ட்டில் தினமும் பார்க்கிறேன். தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எதிராளி மேல் ஒரு பொய்க் கேஸ் போட்டால் போதும், ஆளைக் களத்தை விட்டே அனுப்பிவிடலாம் என்ற நிலை வந்தால், அதைப் பயன்படுத்துகிறவர்கள் நல்லவர்களாக இருக்க மாட்டார்கள்.

கேரளத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் இங்கே ஜெயித்த 20 பேரில் 19 பேர் தங்கள் மேல் கிரிமினல் வழக்கு இருப்பதாகப் பிரமாணப் பத்திரத்தில் எழுதியிருந்தார்கள். நாடு முழுக்க 543 பேரில் 251 பேர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நாட்டிலேயே மோசமான இடம் கேரளம் என்று தோன்றும். அந்தப் பட்டியல்களை உட்கார்ந்து படித்தால் வேறு படம் தெரியும். ஊர்வலம் போனது, சாலை மறியல் செய்தது, தடையை மீறிக் கூட்டம் சேர்ந்தது என்ற வகை வழக்குகள் இங்கே ஏராளம். வயநாட்டில் நின்ற பி.ஜே.பி. வேட்பாளர் கே. சுரேந்திரன் 242 வழக்குகளைக் காட்டியிருந்தார். அதில் பெரும்பாலானவை 2018 சபரிமலைப் போராட்டத்தை ஒட்டியவை. அதே பட்டியல்களில் அடிதடி, பண மோசடி, பெண்களுக்கு எதிரான குற்றம் என்றும் சில வரிகள் இருக்கும். அதனால் யார் மேல் எத்தனை கேஸ் என்று எண்ணாதீர்கள். எந்தப் பிரிவு, புகார் கொடுத்தது போலீஸா தனி ஆளா, கோர்ட் குற்றச்சாட்டை முறையாகப் பதிவு செய்துவிட்டதா என்று பாருங்கள். உங்கள் மெம்பர் மேல் இருப்பது மறியல் கேஸ் இல்லை. சம்மன் நகலில் இ.பி.கோ. (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) 326 என்று இருக்கிறது. அபாயகரமான ஆயுதத்தால் கொடுங்காயம் என்று அர்த்தம். வெளியே உட்கார்ந்து ராஜியாகி முடித்துக்கொள்ளக்கூடிய பிரிவு அல்ல அது.

பதவி போகுமா? எம்.பி., எம்.எல்.ஏ. என்றால் பொதுவாக 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விழுந்தால் போகும். சில குற்றங்களுக்கு அபராதம் மட்டும் விழுந்தாலே போகும். முன்பெல்லாம் பதவியில் இருப்பவர் மூன்று மாதத்துக்குள் அப்பீல் போட்டால் நாற்காலியில் தொடரலாம் என்று ஒரு சலுகை இருந்தது. கேரளத்தில் பிறந்து டெல்லியில் வக்கீலாக இருந்த லில்லி தாமஸ் என்ற அம்மையார், எண்பது வயதைத் தாண்டிய பிறகும் விடாமல் அதை எதிர்த்து வழக்கு நடத்தினார். 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது. அதனால்தான் 2023 மார்ச் 23 அன்று சூரத் கோர்ட் 2 ஆண்டு தண்டனை கொடுத்ததும், மறுநாளே ராகுல் காந்தியின் வயநாடு எம்.பி. பதவி போனது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்த பிறகுதான் திரும்ப வந்தது. ஜாமீனில் வெளியே வந்தால் மட்டும் பதவி திரும்பாது, குற்றவாளி என்ற தீர்ப்பையே மேல் கோர்ட் நிறுத்திவைக்க வேண்டும்.

வார்டு மெம்பருக்கு வேறு சட்டம், 1994ம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம். ஒழுக்கக்கேடு அடங்கிய குற்றத்துக்கு 3 மாதத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை விழுந்தால் தகுதி போகும். எம்.எல்.ஏ.வை விட வார்டு மெம்பருக்கு வரம்பு குறைவு, கவனித்தீர்களா? ஆனால் "ஒழுக்கக்கேடு" என்ற வார்த்தைக்குள் இந்த அடிதடி வருமா என்பது சம்பவத்தின் தன்மையைப் பொறுத்தது. அதைச் சொல்ல வேண்டியது மாநிலத் தேர்தல் ஆணையமும் கோர்ட்டும்தான், நானோ நீங்களோ அல்ல. வேட்புமனுவோடு கொடுத்த படிவத்தில் அவர் இந்தக் கேஸை எழுதினாரா என்று பார்க்கலாம். மறைத்திருந்தால் தேர்தலே செல்லாது என்று முன்சீப் கோர்ட்டில் மனு போட வழி இருந்தது. அதற்கு முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம். 2025 டிசம்பர் 13ல் முடிவு வந்தது, அந்த நாள்கள் தாண்டிவிட்டன.

"எப்படியும் வாபஸ் வாங்கத்தான் போறாங்க" என்று அந்த ஆள் சொன்னது சும்மா பேச்சு. வழக்கைத் திரும்பப் பெற அரசு வக்கீல் மனு போட வேண்டும், மாஜிஸ்திரேட் அனுமதிக்க வேண்டும். மெம்பரோ கட்சியோ மேலே பேசி முடிக்கிற விஷயமில்லை. 2015 மார்ச் 13 அன்று திருவனந்தபுரம் சட்டசபையில் நடந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், டி.வி.யில் ஊரே பார்த்தது. அப்போதைய நிதி அமைச்சர் கே.எம். மாணி பட்ஜெட் வாசிக்க வந்தபோது எதிர்க்கட்சிக்காரர்கள் சபாநாயகர் மேடையில் ஏறி நாற்காலியையும் மைக்கையும் உடைத்தார்கள். 2,20,093 ரூபாய் சேதம் என்று கேஸ் போட்டார்கள். ஆட்சி மாறியதும் அந்த வழக்கை வாபஸ் வாங்க அரசே மனு போட்டது. மாஜிஸ்திரேட் மறுத்தார், ஹைகோர்ட் மறுத்தது, 2021 ஜூலை 28ல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அப்போது அமைச்சர். சட்டசபைக்குள் நடந்தது என்பதற்காகச் சாமான்களை உடைத்ததற்கு விலக்கு கிடையாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். மாநில அரசே கேட்டும் நடக்காதது, ஒரு வார்டு மெம்பர் கேட்டு அவ்வளவு சுலபமாக நடக்காது. காயம்பட்டவரும் இவரும் சமாதானமாகி ஹைகோர்ட்டுக்குப் போய் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம், அது வேறு வழி. அப்படி ஏதாவது நடந்திருந்தால் உங்களுக்கு சம்மன் வந்திருக்காது.

இனி அந்த மூன்றாம் பக்க வரி.

கம்பி கையில் இருந்ததைப் பார்த்தீர்கள், அடியைப் பார்க்கவில்லை. கோர்ட்டில் இதை இப்படியே சொல்ல வேண்டும். "அடித்ததைப் பார்த்தேன்" என்று ஒரு இழை கூட்டவும் வேண்டாம், "ஒன்றும் பார்க்கவில்லை" என்று ஒரு இழை குறைக்கவும் வேண்டாம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களை வளைக்க மெம்பரின் ஆள் மட்டும் வர மாட்டார். 2022ல் ஸ்டேஷனில் எழுதிய வாக்குமூலத்தில், "அடித்ததைக் கண்ணால் கண்டேன்" என்று எழுதியிருக்க வாய்ப்பு நிறைய. நீங்கள் தமிழில் சொன்னதை அவர்கள் மலையாளத்தில் எழுதினார்கள், உங்களிடம் கையெழுத்தும் வாங்கவில்லை. அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதே சட்டம். அது சாட்சியமும் ஆகாது. கோர்ட்டில் நீங்கள் வாயால் சொல்வதுதான் சாட்சியம். அடியைப் பார்க்கவில்லை என்று நீங்கள் சொன்னதும் அரசு வக்கீலுக்கே கோபம் வரலாம். போலீஸிடம் இப்படிச் சொன்னீர்களே என்று குறுக்கே கேட்கலாம். சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று அறிவிக்கக்கூடக் கேட்கலாம். நம் பக்கத்தில் இதைக் கூறுமாறினார் என்பார்கள். பயப்படாதீர்கள். அப்படி அறிவித்தாலும் நீங்கள் சொன்னது அத்தனையும் குப்பைக்குப் போகாது. நம்பக்கூடிய பகுதியை நீதிபதி எடுத்துக்கொள்ளலாம் என்பது பல காலமாக நிலைத்த சட்டம். கையில் கம்பி, உடனே அலறல், முறிந்த கை, டாக்டரின் சான்று என்று துண்டு துண்டாகச் சேர்த்துப் பார்ப்பது அவர் வேலை.

அவர் நிஜமாகவே அடிக்கவில்லை என்றாலும் உங்கள் வார்த்தைதான் அவரைக் காப்பாற்றப் போகிறது. அன்றைக்கு அங்கே வேறு ஆட்களும் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் கேட்டால் சொல்லுங்கள். ஜெயித்தவர் மேல் உள்ள கேஸில் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கும், ஒரு பாதி அவர் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடும், இன்னொரு பாதி பொய்க் கேஸ் என்று சத்தியம் செய்யும். இரண்டு பாதியும் அன்றைக்கு அந்த இடத்தில் இல்லை. நீங்கள் இருந்தீர்கள்.

நான் ஜூனியராக இருந்தபோது ஒரு உள்ளூர்த் தலைவரின் வழக்கில் எங்கள் சீனியர் அந்தத் தலைவருக்காகவே ஆஜரானார். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற பெரியவர் ஒருவர் கண்ணால் பார்த்த சாட்சி. கூண்டில் ஏறி, "ஆளைத் தெரியாது" என்றார். முப்பது வருடம் பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஆளை. வழக்கு விடுதலையில் முடிந்தது, நாங்கள் ஜெயித்தோம். வெளியே வராந்தாவில் அந்தத் தலைவர் அவரைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவர் என்னிடம் வந்து, "அம்மா, நான் சொன்னது எங்காவது எழுதி வச்சிருப்பாங்களா?" என்று கேட்டார். "வச்சிருப்பாங்க அய்யா" என்றேன். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

தெரிந்தே பொய் சொன்னால் சட்டமும் சும்மா விடாது. பொய்ச் சாட்சிக்கு 7 ஆண்டு வரை சிறை என்று இ.பி.கோ.விலும் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. நடைமுறையில் அந்த அளவுக்குப் போவது அபூர்வம். ஆனால் அந்த ஆள் சொல்கிற "ஒரு வார்த்தை" உங்களை எதில் மாட்டிவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஆளைப் பற்றி. வீடு வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டுவது வேறு, சொல்லாவிட்டால் பார் என்று மிரட்டுவது வேறு. இதுவரை நடந்தது ஆசை காட்டல். இதை அரசு வக்கீலிடம் சொன்னால் மெம்பரின் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம், சாட்சியைக் கலைக்கக் கூடாது என்பது ஜாமீனின் அடிப்படை. நாளைக்கே மிரட்டலாக மாறினால் அது தனிக் குற்றம். பழைய சட்டத்தில் 195ஏ, புதிய சட்டத்தில் 232. இதற்கு ஸ்டேஷனிலேயே எஃப்.ஐ.ஆர். போட முடியுமா, கோர்ட்தான் புகார் கொடுக்க வேண்டுமா என்று இங்கே ஒரு குழப்பம் இருந்தது. கேரள அரசின் அப்பீலில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது: போலீஸே நேரடியாகப் பதிவு செய்யலாம். 2018லிருந்து சாட்சிப் பாதுகாப்புத் திட்டமும் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுத்தால், டி.எஸ்.பி. மட்டத்தில் மிரட்டல் உண்மையா என்று அறிக்கை வாங்கிப் பாதுகாப்பு கொடுப்பார்கள். கோர்ட்டுக்குப் போகவர போலீஸ் துணை, கடைப் பக்கம் ரோந்து என்று தேவைக்குத் தகுந்தபடி. 326 அந்தத் திட்டத்துக்குள் வரும். மனுவை ரகசியமாக வைப்பார்கள். எழுதத் தெரியவில்லை என்றால் சித்தூரில் உள்ள தாலுக்கா சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். அவர் எந்த நாளில் வந்தார், யார் கூட இருந்தார்கள், என்ன வார்த்தை சொன்னார் என்று இன்றைக்கே கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மலையாளம் வராதது குறையே இல்லை. கூண்டில் ஏறியதும், "தமிழில் சொல்கிறேன் சார்" என்று சொல்லிவிடுங்கள். சித்தூர் கோர்ட்டில் தமிழ் புதிதல்ல. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆட்கள் நித்தம் வந்து போகிற கோர்ட் அது. எழுதி முடித்ததும் உங்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், அது உங்கள் உரிமை. அவசரத்தில் தாளை நீட்டினால், "வாசிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். கம்பியைப் பார்த்ததும் அடியைப் பார்க்காததும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்களா என்று கவனித்துக் கேளுங்கள். இல்லையென்றால் நீதிபதியைப் பார்த்து அங்கேயே சொல்லுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் கூச்சப்படவே கூடாது. ஒரு நாள் முன்னதாக அரசு உதவி வக்கீலையும் போய்ப் பாருங்கள், இதே விஷயத்தை அவரிடமும் சொல்லிவிடுங்கள். அவர் கூண்டில் வைத்துத் தெரிந்துகொள்வதை விட அது நல்லது. சம்மனைத் தவிர்க்க நினைக்காதீர்கள், அடுத்து வாரண்டு வரும். சாட்சிக்கு பேட்டா உண்டு, கேட்டு வாங்குங்கள்.

மகளின் வீடு. உங்களை இரண்டு வாரமாகத் தூங்கவிடாதது கோர்ட்டை விட இதுதான் என்று தெரிகிறது. லைஃப் பட்டியலை மெம்பர் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கொடுப்பதில்லை. விண்ணப்பம், நேரில் ஆய்வு, வரைவுப் பட்டியல், அப்புறம் கிராமசபை ஒப்புதல் என்று படிகள் உண்டு, விடுபட்டால் முறையிடவும் வழி உண்டு. ஆனால் வார்டு கிராமசபைக்கு மெம்பர்தான் கன்வீனர். அதனால் உங்கள் பயம் வெறும் பயமில்லை, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளின் விண்ணப்ப ரசீதை நகல் எடுத்து வையுங்கள். அடுத்த கிராமசபைக்கு நீங்களும் மகளும் நேரில் போங்கள், பட்டியலைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், எழுந்து நின்று கேளுங்கள். பதிவேட்டில் உங்கள் கேள்வி ஏறட்டும். கிராமசபையைக் கூட்டாமல் இழுத்தடித்தால் என்ன ஆகும் தெரியுமா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்ட வேண்டியதை அடுத்தடுத்து இரண்டு முறை கூட்டாமல் விட்டால் மெம்பர் பதவியே போகும் என்று அதே பஞ்சாயத்து ராஜ் சட்டம் சொல்கிறது. பெயர் விட்டுப்போனால் பஞ்சாயத்துச் செயலாளருக்கும் கலெக்டருக்கும் தமிழிலேயே மனு எழுதுங்கள். 1969ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் இடம் கொடுத்திருக்கிறது.

தண்ணி லாரியையும் இதோடு சேர்த்துப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் கிழக்குப் பஞ்சாயத்துகளில் கோடையில் குடிதண்ணீர் லாரியில்தான் வருகிறது, அது பஞ்சாயத்துப் பணம். போன் செய்தால் எடுக்கிறார், உடனே அனுப்புகிறார் என்றால் மெம்பர் வேலையை நன்றாகச் செய்கிறார் என்று அர்த்தம். அதற்காக அடுத்த தேர்தலில் அவருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று தோன்றினால் போடுங்கள். நான் தப்புச் சொல்ல மாட்டேன். கோர்ட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு ஓட்டும் அவருக்கே போடலாம். ஆனால் அந்த நன்றியைக் கூண்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. கை முறிந்தவரும் உங்கள் கடையில் டீ குடித்தவர்தான். அவருக்கு இப்போது தென்னை ஏற முடிவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியாக, அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். இதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை, பக்கத்து ஊர்க்காரியாகச் சொல்கிறேன். கடைக்கு வந்தால் எப்போதும் போல் டீ கொடுங்கள், காசு வாங்கிக்கொள்ளுங்கள், பாக்கி வைக்க விடாதீர்கள். லாரி வரவில்லை என்றால் எப்போதும் போல் போன் செய்யுங்கள். அவரே அந்தப் பேச்சை எடுத்தால், "அதைப் பத்திக் கடையில வேண்டாம் மெம்பரே, நான் பார்த்ததை மட்டும்தான் கோர்ட்டுல சொல்லப் போறேன்" என்று ஒரே ஒருமுறை, பக்கத்தில் நாலு பேர் இருக்கும்போது சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விடுங்கள்.